நாற்பதுக்கு அப்பாலும் ஒரு பருவம்

தமிழ்ப் பாட்டியல் நூலார் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வயதெல்லை கூறி, கடைசிப் பருவமாகிய பேரிளம்பெண்ணை நாற்பதாவது வயதோடு நிறுத்திவிட்டார்கள். உலாப் பிரபந்தத்தை முன்னிட்டு ஏற்பட்ட அந்த வகுப்பு, வீதியிலே பவனி வரும் தலைவனைக் கண்டு காதல் கொள்வதற்குரிய வயதை மட்டும் கணக்கில் கொண்டதாகையால், நாற்பதுக்கு மேற்பட்டவளைப் பற்றி அது பேசாமல் விட்டதில் குற்றம் காண இடமில்லை. ஆனால், இலக்கியத்துக்காக இட்ட அந்த எல்லையைக் குடும்பமும் வைத்தியமும் சர்க்காரும் தத்தமக்குரிய எல்லையாகவே எடுத்துக்கொண்டதுபோல நடந்துவருவதுதான், நம் நாட்டு ஸ்திரீகளின் ஆரோக்கிய விஷயத்தில் நேர்ந்திருக்கிற பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் கிராமங்களில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால், தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து குச்சுக் கட்டுகிறான்; உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து, இடுப்பெலும்பு உரம் பெற வேண்டும் என்று பாட்டிமார் பக்கத்திலிருந்து ஊட்டுகிறார்கள்; சீர்வரிசையோடு சடங்கு நடக்கிறது. அவளே பிள்ளை பெற்றால் பிரசவ மருந்தும் பத்தியமுமாக நாற்பது நாள் கழிகிறது. இவ்விரண்டு சமயங்களிலும் இவ்வளவு கரிசனத்தோடு பேணப்பட்ட அதே சரீரம், மாதவிலக்கு நின்றுபோகும் மூன்றாவது திருப்பத்துக்கு வரும்போது, அதற்கென்று ஒரு கவளமோ ஒரு விசாரிப்போ கிடையாது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து விலக்கு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்பது வைத்திய சாஸ்திரம் வகுத்த கணக்காகையால், கடைசி விலக்கு இதுதான் என்பது அது வந்த நாளில் அவளுக்கே தெரிவதில்லை. ‘தொந்தரவு விட்டது’ என்ற ஒரு வார்த்தையோடு அந்த அத்தியாயம் முடிந்துபோகிறது.

நம் தேசத்து ஸ்திரீகளுக்கு அது நிகழும் சராசரி வயது சுமார் 46. மேல்நாட்டுப் பெண்களுக்கு 51 என்று சொல்கிறார்கள். அந்த வயதில் கரிசல்காட்டுப் பெண் ஓய்ந்து உட்காருகிறவள் அல்லள். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவளும், வீட்டுத் திண்ணையிலேயே பெட்டி ஒட்டுகிறவளும், ஐப்பசி மழைக்குப் பின் உளுந்தங்காட்டிலும் பாசிக்காட்டிலும் களையெடுக்க நாள் முழுதும் குனிந்து கிடக்கிறவளும், பருத்தி வெடித்தால் மடியைக் கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்படுகிறவளும், நூறு நாள் வேலையில் கண்மாய் மண்ணைச் சுமக்கிறவளும் அவளே. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் தவணையைக் குழுவில் கட்டுகிறவளும் அவளே. இப்படிப்பட்டவள் நடுச்சாமத்தில் நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏற, குப்பென்று வேர்த்து, படபடப்போடு எழுந்து உட்காருகிறாள். சித்திரை வைகாசியில் ஓட்டுக்கூரையின் கீழ் எல்லாருக்குந்தான் வேர்க்கிறது என்று எண்ணி, வெக்கையின்மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடியும் படுக்கிறாள். மார்கழிப் பனியிலும் அதே அனல் ஏறும்போதுதான் தனக்கு ஏதோ கோளாறு என்ற பயம் அவளுக்குப் பிறக்கிறது. கைகால் குடைச்சலுக்கு வாதம் என்றும், தூக்கமின்மைக்குக் கவலை என்றும், காரணமின்றி மூளும் கோபத்துக்குக் குணக்கேடு என்றும் வீட்டார் பெயர் வைத்துவிடுகிறார்கள். நீர் பிரியும்போது உண்டாகும் காந்தலையும், தாம்பத்தியத்தில் உண்டாகும் வலியையும் அவள் ஒருவரிடத்தும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் வேராக இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்கிற ஒரு சுரப்பு குறைந்துபோவதேயாம். 1923-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்ற இருவர் சினைப்பையின் நீரில் இப்படியொரு வஸ்து இருப்பதைப் பிராணிகளிடத்தில் சோதித்து நிரூபித்தார்கள். 1929-இல் டாய்சியும், ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டநாண்டும் தனித்தனியே முயன்று, கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து அவ்வகையில் ஒன்றைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். கர்ப்பப்பையோடும் பிள்ளைப்பேற்றோடும் சம்பந்தப்படுத்தியே முதலில் அறியப்பட்டதனால், பிள்ளைப்பேறு முடிந்தால் அதன் காரியமும் முடிந்தது என்ற எண்ணம் பொதுஜனங்களிடத்தில் மட்டுமல்லாமல் வைத்தியர் பலரிடத்தும் வேரூன்றிவிட்டது. உண்மையோ வேறு. அதனை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் எலும்பிலும், ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும், மூளையிலும், தோலிலும், சிறுநீர்ப் பாதையிலும் அமைந்திருக்கின்றன. எலும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த கட்டடம் அன்று. நாள்தோறும் ஒருவகை அணுக்கள் அதைக் கரைத்துக்கொண்டிருக்க, மற்றொரு வகை அணுக்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன. கரைப்பவற்றைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜனே ஆகையால், அது குறைந்த முதல் ஐந்தாறு வருஷங்களுக்குள் எலும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குவரை சிலருக்குக் கரைந்துபோய்விடுகிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறுகிறது. அதுவரை ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்குக் குறைவாக இருந்த மாரடைப்பு அபாயம் அவர்களுக்குச் சமமாக நெருங்கி வரத் தொடங்குகிறது. மூளையில் உடலின் உஷ்ணத்தைச் சமன்செய்யும் இடம், அற்ப வெப்பத்தையும் பெருவெப்பமாக எண்ணித் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வேர்வையைக் கொட்டச் செய்வதுதான் அந்த நடுச்சாமத்து அனல்.

இயற்கையாக இந்தச் சுரப்பு குறைவது நாலைந்து வருஷங்களில் மெல்ல மெல்ல நடப்பதாகையால், உடம்பு அதற்கு ஓரளவு பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசமும் பறிபோன ஸ்திரீகளைப் பற்றித்தான் நான் இங்கே விசேஷமாகப் பேச விரும்புகிறேன்.

கோவில்பட்டிக்கு அடுத்த ஒரு கிராமத்தில், தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வரும் ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வயதில் தமக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டதாகச் சொன்னார். வருஷம் எட்டாகிறது. இடையில் முற்றத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அறுவையின்போது சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டேன். “கர்ப்பப்பையை எடுத்தாச்சுன்னு சொன்னாக, அண்ணாச்சி. முட்டைப்பையை எடுத்தாகளா விட்டாகளான்னு நாங்க கேக்கல, அவுகளும் சொல்லல” என்றார். பிறகு உள்ளே போய், துணிக்கடைப் பிளாஸ்டிக் பையில் ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் சேர்த்து மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவந்து கொடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, மை மங்கியிருந்த அந்தச் சீட்டு முழுவதும் இங்கிலீஷில் இருந்தது. கர்ப்பப்பையோடு இரண்டு பக்கத்துச் சினைப்பைகளும் நீக்கப்பட்டன என்று ஒரே வரி அதில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு என்ன மாத்திரை சாப்பிட வேண்டும், எப்போது எலும்பைப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. தம் உடம்பிலிருந்து எது போயிற்று என்பதை ஒரு ஸ்திரீ எட்டு வருஷம் கழித்து ஓர் அயலான் படித்துச் சொல்லித் தெரிந்துகொள்கிறார் என்றால், அதைவிட மனத்தை உறுத்துவது வேறென்ன இருக்கிறது?

இது ஒரு கிராமத்துச் செய்தி மட்டும் அன்று. 2015-16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வு, கர்ப்பப்பை நீக்கத்தைப் பற்றி முதன்முறையாகக் கணக்கெடுத்தபோது, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு மூன்று பேருக்குமேல் அதனை இழந்திருப்பதும், அறுவை நடந்த வயது பாதிப்பேருக்கு 34-ஐத் தாண்டாததும், மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்திருப்பதும் தெரியவந்தன. ஆந்திரமும் தெலங்கானாவும் இந்தக் கணக்கில் முன்னே நிற்கின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவில், கரும்பு வெட்டப் போகும் கூலிப் பெண்கள், விலக்கு நாளில் ஒரு நாள் வேலை போனாலும் கூலியோடு அபராதமும் போகிறதே என்று அஞ்சி, இருபது முப்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் வெளிவந்து தேசத்தையே வெட்கப்படச் செய்தது. ராஜஸ்தானத்தின் தௌசாவிலும், பீகாரிலும், சத்தீஸ்கரிலும் அவசியமின்றி நடந்த அறுவைகளைப் பற்றி நரேந்திர குப்தா என்ற வைத்தியர் 2013-இல் தொடுத்த பொதுநல வழக்கில், மத்திய சர்க்கார் 2022-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்று நடத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மாநிலத்திலும் ஜில்லாவிலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்பது அந்நெறிகளில் ஒன்று. அப்படி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டவர்களைக் கரிசல் கிராமங்களில் காண்பது அரிது.

இந்த அறுவைக்குப் பெண்கள் உடன்படுவதற்கும் நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. இருபத்துநாலு இருபத்தைந்து வயதில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிடுகிறது. இனி அந்தப் பையினால் உபயோகமில்லை என்று எண்ணுகிறார்கள். வெள்ளைப்படுதலும் பெரும்பாடும் மாதந்தோறும் நாலைந்து நாள் கூலியைத் தின்கின்றன. வேலை செய்யுமிடத்தில் துணி மாற்ற ஒதுக்கிடம் இருப்பதில்லை. ‘விட்டுவைத்தால் கேன்சர் ஆகிவிடும்’ என்ற ஒரு வாக்கியம் காதில் விழுந்தால், காதில் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்தாவது பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கேன்சரோ, பெருங்கட்டியோ, வேறெதற்கும் அடங்காத ரத்தப்போக்கோ இருக்கும்போது அந்த அறுவை உயிரைக் காப்பது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், நாற்பதையொட்டி உண்டாகும் பெரும்பாட்டில் பெரும்பகுதி, ஈஸ்ட்ரோஜனின் வேலையே. அந்த வயதில் சில மாதங்களில் கருமுட்டை வெளிப்படாமல் போவதால், ஈஸ்ட்ரோஜனை மட்டுப்படுத்த வேண்டிய புரொஜெஸ்ட்டிரோன் என்ற துணைச் சுரப்பு உண்டாவதில்லை. எனவே கர்ப்பப்பையின் உட்படலம் தடித்து, ஒழுங்கின்றி உதிர்கிறது. ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும், புரொஜெஸ்ட்டிரோன் மாத்திரைகளும், அம்மருந்தைச் சிறிது சிறிதாக உள்ளேயே கசியவிடும் சாதனமும் இதற்கு இருக்கின்றன. படலத்திலிருந்து ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதித்துக் கேன்சர் இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின், இவற்றை முயன்று பாராமல் கத்தியை எடுப்பது கிரமமாகாது.

கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தாலும், நோயில்லாத சினைப்பைகளை இளவயதில் எடுப்பதற்கு இலேசான காரணம் போதாது. அவை போன மறுநாளே ஈஸ்ட்ரோஜன் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது. 34 வயதில் அது நேர்ந்தால், இயற்கை கொடுத்திருக்கக்கூடிய பன்னிரண்டு வருஷப் பாதுகாப்பை அவளுடைய எலும்பும் இருதயமும் ஒரே நாளில் இழக்கின்றன. அப்படி இழந்தவளுக்கு, மார்பகப் புற்றுநோய் முதலிய தடைகள் இல்லையேல், இயற்கையாக விலக்கு நிற்கும் வயதுவரையிலாவது ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்க வேண்டும் என்பது இன்று உலகெங்கும் வைத்திய சங்கங்கள் ஒப்புக்கொண்ட விதி. நம்மிடத்தில் அறுவை வந்திருக்கிறது; அதன் பின்னே வர வேண்டிய விதி வரவில்லை.

இவ்விடத்தில் ‘ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வருமாமே’ என்ற அச்சத்தையும் பேசியாக வேண்டும். அதற்கு மூலம், அமெரிக்காவில் 16,608 பெண்களிடத்தில் ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்ட்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்து நடந்து, 2002 ஜூலையில் இடையிலேயே நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆராய்ச்சி. மார்பகப் புற்றுநோயும், பக்கவாதமும், நுரையீரலை அடைக்கும் ரத்தக் கட்டியும் மருந்து சாப்பிட்டவர்களிடத்தில் அதிகப்பட்டது உண்மை. அந்த அதிகம், வருஷத்துக்குப் பதினாயிரம் பெண்களில் ஒவ்வொன்றிலும் சுமார் எட்டுப் பேர் என்பதும், அவர்களுடைய சராசரி வயது 63 என்பதும் பத்திரிகைத் தலைப்புகளில் ஏறவில்லை. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த மற்றொரு பகுதியில் மார்பகப் புற்றுநோய் அதிகப்படவே இல்லை. விலக்கு நின்று பத்து வருஷத்துக்குள், அறுபது வயதுக்கு உட்பட்டு, உபத்திரவம் மிகுந்திருப்பவர்களுக்கு நன்மையே மேலோங்கும் என்பது பின்னாளைய பரிசீலனைகளின் முடிவு. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுத்தால் அதன் உட்படலத்தில் புற்றுநோய் உண்டாகலாமாகையால், துணை மருந்தின்றிக் கொடுத்தல் கூடாது. எல்லாருக்கும் இம்மருந்து வேண்டியதும் இல்லை. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கிச் சாப்பிடுவதோ பெருந்தவறு. சிறுநீர்க் காந்தலுக்கும் வறட்சிக்கும் உள்ளே தடவும் களிம்பு ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் மிக அற்பமாகவே கலக்கிற அந்த எளிய மருந்தைக்கூட நம் கிராமத்துப் பெண்கள் கேள்விப்பட்டதில்லை.

உணவு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேழ்வரகில் எடைக்கு எடை பாலைவிட மூன்று மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, எள்ளிலும் ஏராளம். கம்பும் உளுந்தும் விளைகிற பூமியில் அரிசியை மட்டும் நம்பி வாழத் தலைப்பட்டது நமக்குச் சேதமே. பூப்புக்குக் கிண்டிய உளுந்தங்களியை ஐம்பது வயதிலும் கிண்டித் தின்பது நல்லதே. எலும்புக்கு வேண்டிய பொருளை உணவு தரும். எலும்பு கரைவதைத் தடுக்கிற சுரப்பை அது தராது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிக்கிறவை அல்ல. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்படி, சுகாதாரத் தன்னார்வலராகிய பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து மாத்திரை கொடுத்துவருகிறார்கள். அவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே ஆகையால், ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூசுவதை அவர்களிடம் அக்கா என்றும் மதினி என்றும் அழைத்துச் சொல்லிவிட முடியும். நாற்பது கடந்த ஒவ்வொருத்தியிடமும் விலக்கு நின்றுவிட்டதா, தானாக நின்றதா அறுவையால் நின்றதா, நின்றபின் ரத்தம் பட்டதுண்டா என்று மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளும்படி அவர்களுக்கு உத்தரவிட்டால் போதும். இவற்றில் மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வருமானால், அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ஏனெனில் கேன்சரின் முதல் அடையாளம் அதுவாக இருக்கக்கூடும். கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் வாரத்தில் ஒரு பிற்பகலை இந்த வயதுப் பெண்களுக்கென்றே ஒதுக்கி, ஒரு பெண் வைத்தியரை அமர்த்த வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் சுத்தமான கழிப்பறையும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூலியும் கொடுத்தால், கத்திக்குப் போகிறவர்களில் பலர் போகாமலே பிழைப்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லா அதிகாரிகளை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், கர்ப்பப்பை அறுவை செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணின் கையிலும், எதற்காக அறுத்தார்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், இனி என்ன மருந்து, எப்போது பரிசோதனை என்பவற்றைத் தமிழில் எழுதிய ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்று கட்டளையிடுங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஜில்லாக் கண்காணிப்புக் குழு ஒருமுறை கூடித் தீர்மானித்தால் முடிகிற காரியம்.

இதைப் படிக்கிற ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடும்படி உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். போடுமுன், வேறு சிகிச்சை செய்து பார்த்தாயிற்றா என்றும், சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அவசரமில்லை என்றால் இன்னொரு வைத்தியரிடம் காட்டிவிட்டு வாருங்கள். உங்கள் மனைவிக்கும் அக்காளுக்கும் ஏற்கெனவே அறுவை ஆகியிருந்தால், வீட்டிலிருக்கும் பழைய சீட்டை எடுத்துப்போய், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அரசு மருத்துவமனையில் இந்த வாரமே கேட்டு அறிந்து அவர்களிடம் சொல்லுங்கள்.